இரண்டாம் தொட்டியின் நாற்றம்

சக்கரபாணி சாருக்கு நாற்றம் ஆகாது. கல்லூரியில் அவர் அறைக்குள் போகிறவர்கள் செருப்பை வெளியே விட வேண்டும். சாக்ஸ் போட்டிருந்தால் அதையும் கழற்ற வேண்டும். மேஜையில் ஊதுபத்தி, ஜன்னலில் ரூம் ஸ்பிரே. பதவி, சூழலியல் துறைத் தலைவர். அசுத்தத் தண்ணீரைப் பற்றிப் பதினேழு வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிறார். அதில் ஒரு சொட்டுகூட அவர் சட்டையில் பட்டதில்லை.

நான் வேணி. திண்டிவனத்துக்காரி. எம்.எஸ்ஸி. வேதியியல் படித்துவிட்டு நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கிற அந்தத் தனியார் கல்லூரியில் ஆறு வருடமாக ஆய்வக உதவியாளர். சார் மேடையில் சொல்வதையெல்லாம் தரையில் செய்வதுதான் என் வேலை. அவர் ஒரு மாநாட்டில் 'நாங்கள் நிறுவினோம்' என்று சொன்னால், அந்த 'நாங்கள்' நான்தான். கரும்புச் சக்கை மூட்டையைத் தலையில் வைத்துத் தூக்கிப்போன இன்னொருத்தியும் அதில் உண்டு. அவளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கோலியனூரைத் தாண்டிப் புதுச்சேரி ரோட்டில் கொஞ்ச தூரம் போய் இடதுபக்கம் திரும்பினால் சாத்தமேடு. ஊருக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி, ஊருக்குக் கிழக்கே இருக்கிற தெருவுக்குத் தனியாக ஒரு தண்ணீர்த் தொட்டி. ஏன் இரண்டு என்று கேட்காதீர்கள், உங்களுக்கே தெரியும். கிழக்குத் தெருத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிற போர்வெல்லுக்கு ஒரு பக்கம் ஊர்க்காரர்களின் கரும்பு. யூரியாவை மூட்டை மூட்டையாகக் கொட்டுவார்கள். இன்னொரு பக்கம் பழைய பேட்டரியை உடைத்து ஈயம் உருக்குகிற கொட்டகை ஒன்று ஏழு வருடம் நடந்தது. பெயர்ப்பலகை கிடையாது, கேட்பாரும் கிடையாது. ஒருநாள் முதலாளி கூரைத் தகரத்தைக்கூடக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஈயத்தை மட்டும் மண்ணிலேயே விட்டுவிட்டார். ஆக, யூரியா வழியாக வந்த நைட்ரேட்டும் பேட்டரி வழியாக வந்த ஈயமும் அந்தப் போர்வெல் தண்ணீரில் சேர்ந்தே இருந்தன. இரண்டுக்கும் நிறமில்லை, ருசியில்லை. கொதிக்க வைத்தாலும் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் கூடத்தான் செய்யும்.

இதெல்லாம் யாருக்கும் தெரியாமல்தான் இருந்தது, ஜெசிந்தாவின் முதல் குழந்தை போகிற வரைக்கும். ஜெசிந்தாவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. தாய்ப்பால் போதாமல் பவுடர் பால் கலந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். நாற்பதாம் நாள் குழந்தையின் உதடும் நகமும் நீலம் பாரித்தன. முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அங்கே ஒரு டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வியே, "எந்தத் தண்ணியில பால் கலக்கறீங்க?" என்பதுதான். பெரியவர்களின் உடம்பு தாங்குகிற நைட்ரேட்டைப் பச்சைக் குழந்தையின் ரத்தம் தாங்காது. பிராணவாயுவைச் சுமக்கிற வேலையையே அது மறந்துவிடும். மூன்றாம் நாள் குழந்தை போய்விட்டது. பேர்கூட வைத்திருக்கவில்லை.

செய்தி பேப்பரில் வந்தது. பேப்பரைச் சக்கரபாணி சார் பார்த்தார். ஆறு மாதத்தில் எங்கிருந்தோ ஒரு நிதி, திட்டத்துக்கு ஒரு பெயர், மேலே வர்ணப்படம் போட்ட ஒரு அறிக்கை எல்லாம் தயார். சும்மா சொல்லக்கூடாது, நிதி பிடிப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

திட்டம் என்பது கிழக்குத் தெருக் குழாய்க்கு ஒரு வடிகட்டி. வடிகட்டி என்றதும் ஏதோ பெரிய மெஷின் என்று நினைக்காதீர்கள். மூன்று சிமெண்டுத் தொட்டி, அவ்வளவுதான். முதல் தொட்டியில் கரும்புச் சக்கையும் தேங்காய் நாரும். உள்ளே காற்றுப் புகாது. அதில் வளர்கிற நுண்ணுயிர்கள் சக்கையைத் தின்றுவிட்டு, மூச்சுக்குக் காற்றில்லாமல், நைட்ரேட்டில் இருக்கிற ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ளும். நைட்ரேட் வெறும் காற்றாகிப் போய்விடும். இரண்டாம் தொட்டியில் மரத்தூளும் மக்கிய சாணமும். அங்கே குடியிருப்பது வேறு கூட்டம். அவை விடுகிற வாயு அழுகிய முட்டை நாற்றம் நாறும். அந்த நாற்றம் பிடித்த வாயுதான் ஈயத்தோடு சேர்ந்து அதைக் கறுப்புக் கசடாக அடியில் படியவைக்கும். மூன்றாவதில் கல், மணல், கரி. தண்ணீர் படிப்படியாக விழுந்து, காற்றுப் பட்டு, நாற்றம் தொலைந்து, கடைசியில் சொட்டுக் குளோரின் சேர்ந்து குழாய்க்கு வரும். குழாய்த் தண்ணீர் நாறாது. இரண்டாம் தொட்டி நாறித்தான் ஆக வேண்டும்.

இதை நான் மூன்று வெள்ளைத்தாளில் எழுதி அம்சாவிடம் கொடுத்தேன். அம்சா அந்தத் தெருவின் டேங்க் ஆபரேட்டர்; சக்கை மூட்டை தூக்கியவள் என்று முதலில் சொன்னேனே, அவள்தான். மோட்டார் போடுவதும் வால்வு திறப்பதும் அவள் வேலை. முப்பத்தெட்டு வயது, வாய் கொஞ்சம் நீளம். தாளை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு, "இதெல்லாம் யாரு மேடம் படிச்சிக்கினு இருப்பாங்க? நாறுனா வேல செய்யுது, நாறலன்னா செத்துப்போச்சி. அவ்ளோதான?" என்றாள். என் மூன்று தாளும் அந்த ஒரு வரிக்குள் அடங்கிப் போனதில் எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

அன்றிலிருந்து தினம் காலையில் குழாயைத் திறப்பதற்கு முன் அம்சா இரண்டாம் தொட்டியின் மூடியைத் தூக்கி மோந்து பார்ப்பாள். குடத்தோடு நிற்கிற பெண்கள், "இன்னா அம்சா, நாறுதா?" என்பார்கள். "கொடல புடுங்குது, புடிச்சிக்கங்க" என்பாள். ஒரு மழைக்காலத்தில் நாற்றம் குறைந்துபோச்சு என்று குழாயைப் பூட்டிவிட்டு எனக்குப் போன் போட்டாள். போய் எடுத்துப் பார்த்தால் மெய்யாகவே ஈயம் ஏறியிருந்தது. மூடியில் விரிசல் விட்டு உள்ளே காற்றுப் போயிருக்கிறது. என் கருவி கண்டுபிடிக்க அரைநாள் ஆனதை அவள் மூக்கு அரை நிமிடத்தில் கண்டுபிடித்திருந்தது. அதற்குப் பிறகு அந்த மூக்கை நான் சந்தேகப்பட்டதில்லை.

இரண்டு வருடம் ஒழுங்காக ஓடியது. நைட்ரேட் லிட்டருக்கு நாற்பத்தைந்து மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது கணக்கு. எங்கள் குழாயில் இருபதைத் தாண்டியதில்லை. ஜெசிந்தா மறுபடி வாயும் வயிறுமாக ஆனாள். அலெக்ஸ் பிறந்தான். அவனுக்கும் தாய்ப்பால் போதவில்லை, பவுடர் பால்தான். ஆனால் அம்சாவின் மூக்கை நம்பி, என் எண்களை நம்பி, அவள் குழாய்த் தண்ணீரிலேயே கலந்து கொடுத்தாள். மூன்று மாதத்தில் பிள்ளை கொழுகொழுவென்று இருந்தான்.

இந்த நேரத்தில்தான் சென்னையிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வியாழக்கிழமை வடிகட்டியைப் பார்க்க வருகிறார் என்று சேதி வந்தது. பார்த்துப் பிடித்துப்போனால் நூறு ஊருக்கு இதே திட்டம், அதற்குச் சக்கரபாணி சார் ஆலோசகர். சாரின் நடையே மாறிவிட்டது.

திங்கட்கிழமை அவர் சாத்தமேட்டுக்கு வந்தார். ஒரு வருடத்துக்குப் பிறகு வருகிறார். காரிலிருந்து ஒரு காலைத் தரையில் வைத்தார். மூக்கு விடைத்தது. கைக்குட்டையை எடுத்தார்.

"என்ன வேணி இது, செப்டிக் டேங்க் மாதிரி ஸ்மெல் வருது?"

"ரெண்டாவது டேங்க் சார். அது அப்படித்தான் சார் இருக்கணும். நீங்களே உங்க பேப்பர்ல எழுதியிருக்கீங்களே, ஹைட்ரஜன் சல்ஃபைடுன்னு."

"பேப்பர் நாறாதும்மா. இது நாறுதே."

பஞ்சாயத்துத் தலைவர் புகழேந்தி பக்கத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வெள்ளைச் செருப்பு. யாராவது பெரிய மனிதர் ஊருக்கு வருகிறார் என்றால் அவருக்குத் தெரிந்த ஏற்பாடு ஒன்றே ஒன்றுதான்: ரோட்டின் இரண்டு ஓரத்திலும் ப்ளீச்சிங் பவுடர் கோடு. எந்த எழவுக்கு அந்தக் கோடு என்று இதுவரை யாருக்கும் தெரியாது. கொசு சாகிறதா, கிருமி சாகிறதா, ஒன்றும் கிடையாது. ஆனால் கோடு போட்டிருந்தால் சுத்தம், போடாவிட்டால் அவமரியாதை.

"விடுங்க சார், நான் பாத்துக்கிறேன்" என்றார் புகழேந்தி.

"தலைவரே, தொட்டியில மட்டும் கை வைக்காதீங்க. உள்ள இருக்கிறது அத்தனையும் உயிர். ப்ளீச்சிங் பட்டா செத்துடும்" என்றேன்.

"எங்களுக்குத் தெரியாதா மேடம்? சேச்சே" என்று சிரித்தார். சார் என் பக்கம் திரும்பி, "நீங்க நாளைக்குச் சென்னை போங்க. புரோஷர் பிரிண்ட் ஆகுது, கூட இருந்து புரூஃப் பாத்து வாங்கிட்டு வந்துருங்க. என் பேருக்குப் பின்னால டிகிரி எல்லாம் வரிசையா வந்திருக்கான்னு பாருங்க" என்றார்.

போனேன். செவ்வாய்க்கிழமை முழுக்க அச்சகத்தில் உட்கார்ந்து ஒரு மனிதருடைய பட்டங்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். முற்பகல் பதினொன்றே காலுக்கு அம்சாவிடமிருந்து போன். எடுக்கவில்லை. பதினொன்றரைக்கு இன்னொன்று. பன்னிரண்டுக்கு இன்னொன்று. சக்கை தீர்ந்திருக்கும், அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அப்புறம் என்பது வரவே இல்லை. படிப்புக்கும் புத்திக்கும் சம்பந்தமில்லை என்பதற்கு ஆளைத் தேடி எங்கேயும் போக வேண்டாம், என்னையே காட்டலாம்.

வியாழக்கிழமை காலை புரோஷர் கட்டோடு சாத்தமேட்டில் இறங்கினேன். ரோட்டோரம் இரண்டு பக்கமும் வெள்ளைக் கோடு. பந்தல், வாழைமரம், சாரின் முகம் போட்ட ஃபிளெக்ஸ். மூன்று தொட்டிக்கும் வெள்ளையடித்து, நடுவில் நீலப் பட்டை போட்டு, மூடிக்கு மூடி சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். எல்லாம் பளபளவென்று இருந்தது. நாற்றம் இல்லை.

இரண்டாம் தொட்டியின் மூடியை நகர்த்திக் குனிந்தேன். உள்ளே சலவை செய்த மாதிரி இருந்தது. கறுப்புக் கசடு இல்லை, மரத்தூள் இல்லை. புதிதாக ஜல்லி கொட்டி, தண்ணீர் நிரப்பியிருந்தார்கள். ப்ளீச்சிங் வாடை மட்டும் லேசாக.

அம்சா பந்தலுக்குப் பின்னால் நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான்தான் பக்கத்தில் போனேன்.

"மூணு வாட்டி போன் பண்ணேன் மேடம். எங்க இருந்தீங்க?"

"என்னக்கா பண்ணாங்க?"

"இன்னா பண்ணாங்களா? செவ்வாக்கெழம ஆள வுட்டு மொத ரெண்டு தொட்டியையும் அள்ளிப் போட்டாங்க. கக்கூஸு கழுவுற ஆசிட்ட ஊத்துனாங்க. கொப்பு கொப்புன்னு பொகையா வந்து, உள்ள எறங்குன ஆளுங்க இருமிக்கினே ஓடியாந்தாங்க. புதங்கெழம மூட்ட மூட்டயா ப்ளீச்சிங்கு. வாணாங்க, மேடம் வரட்டுங்கன்னு கத்துறேன், தலைவரு 'நீ இன்னா சயிண்டிஸ்டா, போய் மோட்டாரு போடு'ன்றாரு. ரெண்டு நாளா கொழாய பூட்டித்தான் வெச்சிருக்கேன். மேடம் வந்து பாத்து சொன்னாத்தான் குடிக்கணும்னு தெருவுல சொல்லியிருக்கேன். இன்னிக்கிக் காலைல சாவிய புடுங்கிக்கினாரு."

நான் படித்தது எனக்கு அப்போது நன்றாகவே ஞாபகம் வந்தது. இரண்டு வருடமாக அடியில் கட்டிவைத்த ஈயம் ஆசிட்டில் கரையும். சுவரில் ஒட்டியது, குழாயில் ஒட்டியது, எல்லாம் கரைந்து தண்ணீரோடு வரும். நைட்ரேட்டைத் தின்ன ஆளில்லை. இரண்டு வருடத்தில் அந்தக் குழாய் கண்ட மிக மோசமான தண்ணீர் இன்றைக்குத்தான் வரப்போகிறது, அதுவும் கண்ணாடி மாதிரி.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு நான் என்ன செய்தேன் தெரியுமா? புரோஷரை நாற்காலிக்கு ஒன்றாக வைத்தேன். பிறகு இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தேன்.

அதிகாரி வந்தார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். கைகூப்பினார், சால்வையை வாங்கிப் பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்தார். புகழேந்தி அவரைப் புகழ்ந்தார், சக்கரபாணி சார் தன்னைப் புகழ்ந்துகொண்டார். "இயற்கையே இங்கே பொறியாளர்" என்றார் சார். மேடையில் ஆளுக்கொரு பாட்டில் தண்ணீர் இருந்தது, கடையில் வாங்கியது. அதிகாரிக்கு முன்னால் ஒன்று, சாருக்கு முன்னால் ஒன்று, தலைவருக்கு முன்னால் ஒன்று. ஊருக்கே சுத்தமான தண்ணீர் கொடுத்ததைப் பற்றி அந்த பாட்டிலைத் திறந்து குடித்துக் குடித்துப் பேசினார்கள். இருபது நிமிடம். நான் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கூட்டம் முடியட்டும், யாரும் குடிப்பதற்குள் குழாயை அடைத்துவிடலாம், சாரிடம் தனியாகச் சொன்னால் அவருக்கும் கௌரவம், எனக்கும் வேலை தங்கும். இப்படியெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் கூட்டத்துக்குள்ளேயே குடிக்கவைக்கச் சார் ஒரு ஏற்பாடு செய்திருந்தார்.

"மூன்று வருடத்துக்கு முன்னால் இந்தத் தண்ணீருக்குத் தன் முதல் குழந்தையைப் பறிகொடுத்த தாய் இங்கே இருக்கிறார். அவர் தன் இரண்டாவது குழந்தைக்கு இதே குழாய்த் தண்ணீரில் கலந்த பாலை இந்த மேடையில் கொடுக்கப் போகிறார்" என்று மைக்கில் சொன்னார். கைதட்டல். ஜெசிந்தா அலெக்ஸைத் தோளில் போட்டுக்கொண்டு மேடை ஏறினாள். யாரோ அவளுக்குப் புதுப் புடவை வாங்கிக் கொடுத்திருந்தார்கள். பால் பாட்டில் தயாராக இருந்தது. சாரின் ஆட்களே குழாயில் பிடித்து, கொதிக்கவைத்து, ஆற்றிக் கலந்து வைத்திருந்தார்கள். படம் எடுக்கிறவர்கள் முன்னால் வந்து குந்தினார்கள்.

ஜெசிந்தா பாட்டிலை வாங்கினாள். குழந்தை அதைப் பார்த்துக் கையைக் காலை உதைத்தான், நல்ல பசி போலிருக்கிறது. அவள் ஒரு வினாடி நின்று மூக்கை இப்படியும் அப்படியும் திருப்பினாள். பிறகு மேடையை விட்டு இறங்கினாள்.

"எங்கம்மா போற? கேமரா இங்க இருக்குது" என்றார் புகழேந்தி.

அவள் நேராக இரண்டாம் தொட்டிக்குப் போனாள். ஒரு கையில் பிள்ளை, அக்குளில் பாட்டில், இன்னொரு கையால் சந்தனம் வைத்த மூடியை இழுத்துத் தள்ளிவிட்டுக் குனிந்து மோந்து பார்த்தாள்.

"நாறலயே" என்றாள்.

பந்தலில் சிலர் சிரித்தார்கள். அதிகாரி புரியாமல் சாரைப் பார்த்தார். சார் மைக்கை மூடிக்கொண்டு, "கிராமத்து ஜனங்க சார், ஒரு மூடநம்பிக்கை" என்றார். மைக் சரியாக மூடவில்லை. எல்லோருக்கும் கேட்டது. பின்வரிசையில் குடத்தோடு வந்திருந்த பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள்.

"ஜல்தி வாம்மா, பேஜாரு பண்ணாத. சாருக்கு டைம் ஆவுது" என்று புகழேந்தி பல்லைக் கடித்தார்.

ஜெசிந்தா அவரைப் பார்க்கவில்லை. சாரையும் பார்க்கவில்லை. நாற்காலி வரிசைகளில் என்னைத் தேடிக் கண்டுபிடித்தாள்.

"மேடம், நீங்க சொல்லுங்க. குடுக்கலாமா?"

பந்தல் முழுக்க என் பக்கம் திரும்பியது. சார் என்னைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டினார், ஆமாம் என்று சொல்லச் சொல்லி. அலெக்ஸ் பசியில் சிணுங்க ஆரம்பித்தான்.

"வேண்டாம்" என்றேன். பக்கத்து நாற்காலிக்குக்கூடக் கேட்டிருக்காது. எழுந்து நின்று இன்னொரு முறை சொன்னேன். "கொடுக்காதே ஜெசிந்தா. யாரும் குடிக்காதீங்க. தொட்டியை ஆசிட் ஊற்றிக் கழுவிட்டாங்க. இது பழைய தண்ணியைவிட மோசம்."

அவள் பாட்டிலைக் கவிழ்த்தாள். பால் வெள்ளைக் கோட்டின்மேல் கொட்டி ஓடியது. பிறகு பிள்ளையை இறுக்கிக்கொண்டு அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அழுதாள். அம்சா ஓடி வந்து அவளைப் பிடித்துக்கொண்டாள். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். மழுப்பலாக ஏதோ சொல்லிக் காரில் ஏறினார். கார் கோலியனூர் போய்ச் சேர்வதற்குள் பந்தலைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அந்தத் தண்ணீரை நான் ஒரு பாட்டிலில் பிடித்துப் போய்ச் சோதித்தேன். நைட்ரேட் நூற்றுப் பதினெட்டு. ஈயம், இருக்கலாம் என்கிற அளவைப் போல இருபத்தொரு மடங்கு. முடிவை அதிகாரியின் அலுவலகத்துக்கு மெயிலில் அனுப்பினேன். பதினோராம் நாள் பதில் வந்தது: 'தங்கள் புகார் தக்க நடவடிக்கைக்காகத் திட்டத் தலைவர் முனைவர் சக்கரபாணி அவர்களுக்கு அனுப்பப்பட்டுள்ளது.' யாரைப் பற்றிப் புகாரோ அவரிடமே. அவரும் தக்க நடவடிக்கை எடுத்தார். எனக்கு மெமோ கொடுத்து, திட்டத்திலிருந்து நீக்கி, முதலாண்டு மாணவர்கள் அழுக்காக்குகிற கண்ணாடிக் குடுவைகளைக் கழுவுகிற வேலைக்குப் போட்டார். பேப்பரில் 'மூடநம்பிக்கையால் நின்ற நலத்திட்டம்' என்று செய்தி வந்திருந்தது. படத்தில் சார் நன்றாகவே விழுந்திருந்தார்.

இதற்கெல்லாம் முன்பே, கூட்டம் முடிந்த ஞாயிற்றுக்கிழமையே சாத்தமேட்டுக்குப் போயிருந்தேன். மறுபடி நுண்ணுயிர் வளர்த்து எடுக்க நான்கு மாதமாவது ஆகும் என்று அம்சாவிடம் சொன்னேன். அவள் என்னை வீட்டுக்குப் பின்னால் கூட்டிப்போனாள். இரண்டு பெயிண்ட் பக்கெட், மேலே மூடி, மூடிமேல் அம்மிக் குழவி. ஒன்றைத் திறந்தாள். உள்ளே கறுகறுவென்று இரண்டாம் தொட்டிக் கசடு. இன்னொன்றில் முதல் தொட்டியின் கொழகொழத்த சக்கை. நாற்றம் மூக்கைத் துளைத்தது.

"நீங்க போன எடுக்கல. நான் இன்னா பண்றது? அவங்க அள்ளிக்கினு இருக்க சொல்லவே ரெண்டு பக்கெட்டு மொண்டாந்து வெச்சேன். தயிருக்கு ஒற ஊத்த கொஞ்சம் எடுத்து வெக்கிறதில்லையா, அதுமாதிரி. தெனம் கொஞ்சம் வெல்லத் தண்ணி ஊத்திக்கினு வரேன்."

எனக்கு அவள் காலில் விழலாம் போலிருந்தது. அவள் அதற்கெல்லாம் இடம் கொடுக்கிறவள் இல்லை. "நின்னுக்கினே இருந்தா எப்பிடி, சக்க எங்க கெடைக்கும் பாருங்க" என்று விரட்டினாள்.

ஜல்லியை அள்ளினோம். தொட்டியைப் பத்து முறை அலசினோம், ஆசிட் தண்ணீரை வயலில் விடாமல் தனிக்குழியில் விட்டோம். மணலையும் கரியையும் மாற்றினோம். சக்கையும் மரத்தூளும் சாணமும் கொட்டி, அம்சாவின் உறையை ஊற்றி மூடினோம். தலைவர் தடுக்கவில்லை. நூறு ஊர்த் திட்டம் கைவிட்டுப் போனதும் அந்தத் தொட்டி அவர் கண்ணுக்கே தெரியவில்லை. அதுவரை அலெக்ஸுக்குப் பால் கலக்க ஜெசிந்தாவின் புருஷன் புதுச்சேரியில் வேலை முடிந்து வரும்போது தினம் பைக்கில் ஒரு கேன் தண்ணீர் கொண்டுவந்தான்.

உறை ஊற்றிய முப்பத்திரண்டாம் நாள். முதல்நாள் எடுத்த தண்ணீரைக் கல்லூரி ஆய்வகத்தில் திருட்டுத்தனமாகச் சோதித்து, முடிவைத் தாளில் எழுதிக்கொண்டு போனேன். நைட்ரேட் பத்தொன்பது. ஈயம் அளவுக்குள். குழாயடியில் ஜெசிந்தா குடத்தோடு நின்றிருந்தாள், இடுப்பில் அலெக்ஸ். தாளை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"மேடம், ஒண்ணு கேக்கட்டுமா? அன்னிக்கி நீங்க வந்த ஒடனே மூடியத் தெறந்து பாத்தீங்கன்னு அம்சாக்கா சொல்லுச்சி."

"ஆமா."

"அப்பவே தெரிஞ்சிப்போச்சா உங்களுக்கு?"

"தெரிஞ்சிது."

"அப்பறமும் போய் சேர்ல உக்காந்துக்கினீங்க. நான் கேக்காம குடுத்திருந்தா?"

சாரைச் சொல்வதற்கு என்னிடம் நூறு வார்த்தை இருந்தது, புகழேந்தியைச் சொல்ல இன்னும் நூறு. அவளுக்குச் சொல்ல ஒன்றுகூட இல்லை. தாளை மடித்தேன். அவள் என்னைத் தாண்டிப் போய் இரண்டாம் தொட்டியின் மூடியைத் தூக்கினாள். குனிந்து மோந்து பார்த்து, "அய்யே" என்று முகத்தைச் சுளித்தாள். இடுப்பிலிருந்த பிள்ளையும் தும்மினான். மூடியை அழுத்தி மூடிவிட்டு வந்து குடத்தைக் குழாய்க்குக் கீழே வைத்தாள்.